ஆயில் இன்ஜினில் ஹைட்ரஜன்: இன்ஜின் ஓடிவிடும், சிலிண்டர்தான் கேள்வி

கடைமடையில் ஆயில் இன்ஜினுக்கு இன்னும் வேலை இருக்கிறது. மேட்டூர் திறந்து, கல்லணை தாண்டி, கிளை வாய்க்கால் வரை வந்த தண்ணீர் வயல் மட்டத்துக்கு ஏறாமல் நின்றுவிடும். ஐப்பசி, கார்த்திகையில் நேர் எதிர்: சம்பா மூழ்கி, நின்ற தண்ணீரை வடிகாலுக்கு இறைத்து வெளியேற்ற வேண்டியிருக்கும். மின் இணைப்பு இல்லாத திடலில் இரண்டுக்கும் டீசல்தான். அந்த டீசலின் இடத்தில் ஹைட்ரஜனை வைக்கலாமா என்று விவசாயிகளும் பாலிடெக்னிக் மாணவர்களும் கேட்கிறார்கள். வைக்கலாம். தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ நல்ல லேத் இருக்கும் ஒரு பட்டறையில் செய்யக்கூடிய வேலைதான் அது. ஆனால் அந்த வேலை முடிந்த இடத்தில்தான் உண்மையான சிக்கல் ஆரம்பிக்கிறது. இரண்டையும் எண்களோடு சொல்கிறேன்.

முதலில் ஒன்றை ஒதுக்கிவிடுவோம். 'தண்ணீரில் ஓடும் வண்டி' என்று விற்கப்படும் சின்ன மின்பகுப்புப் பெட்டியைச் சொல்கிறேன். வண்டியின் ஆல்டர்னேட்டரிலிருந்து 12 வோல்ட், 20 ஆம்பியர் எடுத்துத் தண்ணீரைப் பிரித்து, வரும் வாயுவை ஏர் ஃபில்டரில் விடுவார்கள். கணக்கைப் பாருங்கள். எடுப்பது 240 வாட். ஆறு அறைகள் தொடராக இருந்தால் மணிக்குக் கிடைக்கும் ஹைட்ரஜன் சுமார் 50 லிட்டர், அதாவது 4.5 கிராம். அதில் இருக்கும் ஆற்றல் 150 வாட்டுக்குச் சமம். ஆல்டர்னேட்டரின் இழப்பையும் இன்ஜினின் இழப்பையும் சேர்த்தால், அந்த 240 வாட்டைத் தர இன்ஜின் எரிக்கும் எரிபொருள் கிட்டத்தட்ட 1,400 வாட். ஒரு பங்கைத் திரும்பப் பெறக் கிட்டத்தட்ட பத்து பங்கு செலவு. நாள் முழுக்க ஓட்டினாலும் அந்தப் பெட்டி மைலேஜைக் கூட்டாது. ஹைட்ரஜன் வெளியிலிருந்து, சிலிண்டரில் வர வேண்டும். வேறு வழி இல்லை.

இந்தியாவில் இது புதிய முயற்சியும் அல்ல. டெல்லி ஐ.ஐ.டி.யும் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகமும் பல ஆண்டுகளாக ஹைட்ரஜன் இன்ஜின்களை ஓட்டியிருக்கின்றன. மஹிந்திராவும் டெல்லி ஐ.ஐ.டி.யும் சேர்ந்து செய்த ஹைட்ரஜன் மூன்று சக்கர வண்டி 2012 ஆட்டோ எக்ஸ்போவில் காட்டப்பட்டது. அசோக் லேலண்டும் ரிலையன்ஸும் ஹைட்ரஜன் இன்ஜின் லாரியை 2023 பிப்ரவரியில் வெளியிட்டன. எரிபொருள் கலம் (ஹைட்ரஜனிலிருந்து நேராக மின்சாரம் எடுக்கும் கருவி) கிடையாது, வழக்கமான பிஸ்டன் இன்ஜின்தான்.

இனி நம் இன்ஜினுக்கு வருவோம். உதாரணத்துக்கு, வயல்களில் நிறைய இருக்கும் 5 ஹெச்.பி. ஒற்றை சிலிண்டர் செங்குத்து இன்ஜின்: போர் (உள் விட்டம்) 80 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 110 மி.மீ., கொள்ளளவு 553 சி.சி., 1500 ஆர்.பி.எம்., கம்ப்ரஷன் விகிதம் (காற்று எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பது) 16.5.

டீசலை நிறுத்திவிட்டு ஹைட்ரஜனை உள்ளே விட்டால் தானாகப் பற்றாதா என்று கேட்பார்கள். நம்பிக்கையாகப் பற்றாது. டீசல் 250 டிகிரிக்குள் தானாகப் பற்றிக்கொள்ளும். ஹைட்ரஜனுக்கு 585 டிகிரி வேண்டும். இந்த இன்ஜினில் அமுக்கத்தின் முடிவில் காற்று சுமார் 550 டிகிரிதான் எட்டும். ஆனால் ஒரு தீப்பொறி பட்டால் கதை வேறு. பெட்ரோல் கலவையைப் பற்றவைக்கத் தேவைப்படுவதில் பத்தில் ஒரு பங்கு ஆற்றல், 0.02 மில்லிஜூல், ஹைட்ரஜனுக்குப் போதும். தானாகப் பற்றாது, ஆனால் எதைத் தொட்டாலும் பற்றும். இந்த இரட்டைக் குணத்தை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணம் புரியும்.

அதனால் இன்ஜினைத் தீப்பொறியால் பற்றவைக்கும் இன்ஜினாக மாற்றுகிறோம். கம்ப்ரஷனை 11-க்கு இறக்க வேண்டும். 16.5-ல் எரிப்பு அறையின் கொள்ளளவு 35.7 சி.சி.; 11-க்கு 55.3 சி.சி. வேண்டும். கூடுதலாக 19.6 சி.சி. இதை ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே 4 மி.மீ. தகடு வைத்தும் பெறலாம், பிஸ்டன் தலையில் உள்ள குழியை லேத்தில் பெரிதாக்கியும் பெறலாம். தகடு வைத்தால் ஹெட் 4 மி.மீ. உயரும், புஷ்ராடும் அதே அளவு நீள வேண்டும், இரண்டு கேஸ்கெட் வரும், நீர்த்துளைகள் நேராகப் பொருந்த வேண்டும். குழியைக் கடைந்தால் இந்தத் தொல்லைகள் இல்லை. ஆனால் பிஸ்டன் தலையின் கனத்தை அளக்காமல் கடையக் கூடாது. நான் குழியைத்தான் பரிந்துரைப்பேன். கடைந்து முடித்ததும் கூர்மையான விளிம்பு ஒன்றுகூட இல்லாமல் மழுக்கிவிடுங்கள். கூரிய விளிம்பு சிவக்கும், சிவந்த இடம் நேரத்துக்கு முன்பே பற்றவைக்கும். அதே காரணத்துக்காக ஹெட்டிலும் வால்விலும் ஒட்டியிருக்கும் கரியை முழுக்கச் சுரண்டி எடுக்க வேண்டும். எண்ணெய் குடிக்கும் பழைய இன்ஜின் என்றால் ரிங், வால்வு கைடு எல்லாம் புதிதாகப் போட்ட பிறகே மேலே போகவும். அறைக்குள் ஏறும் எண்ணெய்த் துளியும் ஒரு நெருப்புப் பொட்டுதான். வால்வு சீட் கடினமானதாக, சி.என்.ஜி. இன்ஜினுக்குப் போடுவதுபோல இருக்கட்டும். ஹைட்ரஜனில் துளி வழவழப்பும் கிடையாது.

டீசலைப் பீய்ச்சும் நாசில் இருந்த துளையில் ஒரு உறை செய்து ஸ்பார்க் பிளக்கைப் பொருத்துங்கள். பிளக் குளிர் ரகமாக இருக்க வேண்டும். பிளாட்டினம் முனை கூடாது, பிளாட்டினம் தானே ஹைட்ரஜனை எரியத் தூண்டும். இடைவெளி 0.5 மி.மீ. அருகே.

பலர் தடுமாறும் இடம் இக்னிஷன். மோட்டார்சைக்கிளிலிருந்து சி.டி.ஐ. (பொறி தரும் மின்னணுப் பெட்டி) எடுத்து, ஃபிளைவீலில் ஒரு காந்தம் ஒட்டி வேலையை முடித்துவிடுவார்கள். ஃபிளைவீல் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பொறி தரும். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு இரண்டு சுற்றுக்கு ஒரு பொறிதான் தேவை. உபரிப் பொறி வெளியேற்றும் ஸ்ட்ரோக்கின் முடிவில், உள்வால்வு திறக்கும் நேரத்தில் விழும். பெட்ரோலில் இது ஒன்றும் செய்யாது. ஹைட்ரஜனில் மேனிஃபோல்டு (காற்று உள்ளே வரும் குழாய்) வெடிக்கும். ஆகவே பொறிக்கான தூண்டி, இரண்டு சுற்றுக்கு ஒருமுறை சுற்றும் கேம் ஷாஃப்டில்தான் இருக்க வேண்டும். பிளக் வயரும் இன்ஜெக்டர் வயரும் ஒட்டிப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எர்த் கனமாக இருக்கட்டும். பொறியின் நேரத்தை மேல் மையத்துக்கு (பிஸ்டன் உச்சியைத் தொடும் புள்ளி) 10 டிகிரி முன்பாக வைத்துத் தொடங்கி, லோடில் அதிக வேகம் கிடைக்கும் இடம் வரை கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தலாம். ஹைட்ரஜன் வேகமாக எரிவதால் பெட்ரோலுக்கு வைப்பதுபோல முன்னே தள்ள வேண்டியிருக்காது.

வாயுவை உள்ளே விடும் முறைதான் இந்த மாற்றத்தின் உயிர். எல்.பி.ஜி.க்குப் போடுவதுபோல மிக்ஸர் வைத்து மேனிஃபோல்டில் வாயுவை ஓயாமல் கலந்தால் மேனிஃபோல்டு எந்நேரமும் வெடிகலவையால் நிறைந்திருக்கும். உள்வால்வு திறந்ததும் அறையில் மிச்சமிருக்கும் சூடான புகை அதைத் தொடும். தீ பின்னோக்கி ஓடும். பேக் ஃபயர் என்பது இதுதான். ஹைட்ரஜன் காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை எந்த அளவில் இருந்தாலும் எரியும் என்பதால் கலவையை மெலிய வைத்துத் தப்பிக்கவும் முடியாது. தப்பிக்கும் வழி நேரம் பிரித்து விடுவது. வெளியேற்றும் வால்வு மூடிய பிறகு, மேல் மையத்துக்கு 25 டிகிரி கழித்து இன்ஜெக்டர் திறக்கட்டும். முதலில் வெறும் காற்று போய் அறையைக் குளிரவைக்கும். அதன் பின்னால் வாயு. உள்வால்வு மூடுவதற்கு முன்பே இன்ஜெக்டர் மூடிவிட வேண்டும், போர்ட்டில் மிச்சம் எதுவும் தங்கக் கூடாது. இன்ஜெக்டரிலிருந்து வால்வின் முதுகு வரை 6 மி.மீ. எஃகுக் குழாய், முடிந்தவரை குட்டையாக.

அளவு எவ்வளவு? இந்த இன்ஜின் நிமிடத்துக்கு 750 முறை மூச்சிழுக்கிறது. நிரம்பும் திறன் 85 சதவீதம் என்று கொண்டால் மொத்தம் சுமார் 350 லிட்டர். தேவைக்கு இரு மடங்கு காற்று, அதாவது லாம்டா 2, என்ற மெலிந்த கலவையில் அதில் 17.4 சதவீதம் ஹைட்ரஜன்: நிமிடத்துக்கு 61 லிட்டர், ஒரு மூச்சுக்கு 81 மில்லிலிட்டர். எடையில் மணிக்கு 0.3 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. 1500 ஆர்.பி.எம்.மில் 120 டிகிரி என்பது 13 மில்லிசெகண்ட்; அதற்குள் 81 மில்லிலிட்டரும் போக வேண்டும். அதே துளையில், அதே அழுத்தத்தில் ஹைட்ரஜன் காற்றைவிட 3.8 மடங்கு கன அளவு பாயும். எனவே காற்றில் நிமிடத்துக்கு 110 லிட்டர் விடும் சி.என்.ஜி. இன்ஜெக்டர் ஒன்றே மட்டுமட்டாகப் போதும். காற்றுக்கு அளவிட்ட ரோட்டாமீட்டரை (பாயும் அளவைக் காட்டும் கருவி) வாயுக் குழாயில் மாட்டினால் அது காட்டும் எண்ணையும் இதே 3.8-ஆல் பெருக்க வேண்டும். மறந்தால் நாலு மடங்கு வாயு உள்ளே போகும்.

லாம்டா 2-ல் 30 சதவீதத் திறனுக்குக் கிடைப்பது 3 கிலோவாட்டுக்குச் சற்றே குறைவு, சுமார் 4 ஹெச்.பி. ஐந்து ஹெச்.பி. இன்ஜின் நாலாகிவிட்டதே என்று கலவையை அடர்த்தியாக்கும் ஆசை வரும். அதை அடக்குங்கள். லாம்டா 2-க்கு மேல் நைட்ரஜன் ஆக்சைடு மிகக் குறைவு. அதற்குக் கீழே இறங்க இறங்க விறுவிறுவென்று ஏறும், கூடவே பேக் ஃபயரும் வரும். புகையைக் குளிரவைத்து நீரை நீக்கிவிட்டு ஆக்சிஜனை அளந்தால் லாம்டா 2-ல் 12 சதவீதம் அருகே காட்டும். 8 சதவீதத்துக்கு இறங்கினால் லாம்டா 1.5 ஆகிவிட்டது என்று அர்த்தம். உடனே வாயுவைக் குறைக்க வேண்டும். டீசலை இன்ஜினுக்குள் செலுத்தும் பம்பைக் கழற்றிவிட்டதால், வேகத்தைச் சீராக வைக்கும் பழைய கவர்னருக்கும் பிடி இல்லை. வேகத்தைப் பார்த்து இன்ஜெக்டர் திறக்கும் நேரத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு கட்டுப்பாட்டுப் பலகை வேண்டும். பம்பில் காற்றுப் புகுந்து லோடு திடீரென்று விட்டுப்போனால் வேகம் எகிறும். அதற்கென்று 1700 ஆர்.பி.எம்.மில் வாயுவை அறுக்கும் தனி கட்-ஆஃப் கட்டாயம்.

தண்ணீர்தான் அடுத்த எதிரி. ஒரு கிலோ ஹைட்ரஜன் எரிந்தால் 9 கிலோ தண்ணீர். நம் இன்ஜின் மணிக்கு இரண்டரை லிட்டருக்கு மேல் நீராவியாக விடும். சைலன்சரின் அடியில் ஒரு வடிகால் துளை போடாவிட்டால் உள்ளிருந்தே துருப்பிடித்துப் போகும். ரிங் வழியாகக் கீழே கசியும் நீராவி எண்ணெயில் சேர்ந்து அதை மோர்போல வெளுக்க வைக்கும். வயலில் பெரும்பாலும் பம்ப் தண்ணீரையே ஒரு குழாயில் பிரித்து இன்ஜினுக்குள் விட்டுக் குளிர்விக்கிறார்கள். அதனால் இன்ஜின் வெதுவெதுப்பாகவே ஓடும். டீசலில் அது பொறுத்துக்கொள்ளும். இதில் எண்ணெய் சீக்கிரம் கெடும். அந்தக் குழாயில் ஒரு கேட் வால்வு வைத்து, வெளிவரும் தண்ணீர் 70 டிகிரி அருகே இருக்கும்படி குறைத்துவிடுங்கள். கால் மணி நேரம் ஓட்டி நிறுத்தும் பழக்கமும் ஆகாது. எண்ணெய் சூடாகி நீர் வெளியேறும் அளவுக்கு ஓட வேண்டும்.

நீராவியோடு எரியாத ஹைட்ரஜனும் கிராங்க் கேஸில் (பிஸ்டனுக்குக் கீழே எண்ணெய் இருக்கும் பெட்டி) இறங்குகிறது. அங்கே 4 சதவீதத்தைத் தொட்டால் வெடிக்கும் அபாயம். மூச்சுவிடும் சிறு துளையை அகலமாக்கி, 25 மி.மீ. குழாய் போட்டுக் கூரைக்கு மேலே கொண்டுபோங்கள். மறுபக்கம் ஒரு சிறு ஊதியால் புதுக் காற்றை உள்ளே தள்ளலாம். வாயுவை உறிஞ்சும்படி மோட்டாரை மாட்டினால் அந்த மோட்டாரின் பொறியே வேலையைக் காட்டிவிடும்.

குழாய்கள் எல்லாம் 316 எல் ரகத் துருப்பிடிக்காத எஃகு, இரட்டை வளையப் பொருத்திகளோடு. உயர் வலிமை எஃகும் வார்ப்பிரும்பும் அழுத்தக் குழாயில் வேண்டாம். ஹைட்ரஜன் உலோகத்துக்குள்ளே ஊடுருவி அதை நொறுங்க வைக்கும். சிலிண்டர் வாயில் ரெகுலேட்டர், அடுத்து மின்சாரம் இல்லாதபோது தானாக மூடிக்கொள்ளும் சோலனாய்டு வால்வு, இன்ஜினுக்கு அருகே தீத்தடுப்பான். தீத்தடுப்பானுக்குக் கம்பி வலை போதாது. ஹைட்ரஜன் தீ 0.64 மி.மீ. சந்தில்கூட நுழையும்; பெட்ரோல் தீ 2 மி.மீ. சந்திலேயே அணைந்துவிடும். பொடி உலோகத்தை அழுத்திச் செய்த வகைதான் வாங்க வேண்டும்.

சமையல் எரிவாயு கசிந்தால் தரையில் தேங்கும், வாடை வரும். ஹைட்ரஜனுக்கு வாடை இல்லை, மேலே ஏறும். மோட்டார் கொட்டகையின் கூரை உச்சி அடைபட்டிருந்தால் அங்கேதான் சேரும். உச்சியைத் திறந்துவிடுங்கள். சென்சாரை அங்கே மாட்டுங்கள். சுவிட்ச், பல்பு எதுவும் மேலே வேண்டாம். பகல் வெளிச்சத்தில் அதன் தீயும் கண்ணுக்குத் தெரியாது. கசிவு இருக்குமோ என்ற சந்தேகம் வந்தால் கையை நீட்டாமல் ஒரு ஈர்க்கு விளக்குமாற்றை முன்னால் நீட்டியபடி போங்கள். தீ இருந்தால் ஈர்க்கு பற்றும். கசிவுச் சோதனையை ஹைட்ரஜனில் ஆரம்பிக்காமல் நைட்ரஜனை நிரப்பி, சோப்பு நுரை தடவிப் பார்ப்பது முறை.

டீசலை முழுக்க விடாமல் இன்னொரு வழியும் உண்டு. கம்ப்ரஷனையும் நாசிலையும் தொடாமல், உள்ளிழுக்கும் காற்றோடு கொஞ்சம் ஹைட்ரஜனைச் சேர்த்தால் டீசலே பற்றவைக்கும், கவர்னர் தானாக டீசலைக் குறைக்கும். ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு வரை பெரிய தொல்லை இல்லாமல் ஓடும். அதற்கு நிமிடத்துக்கு 16 லிட்டர் போதும். பங்கைக் கூட்டிக்கொண்டே போனால் தட்டல் சத்தம் வரும். ஹைட்ரஜனை நேரடியாக அறைக்குள் பீய்ச்சி 90 சதவீதம் வரை கொண்டுபோகலாம் என்று சிட்னியின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகப் பொறியாளர்கள் 2022-ல் காட்டினார்கள். அந்த உயரழுத்த இன்ஜெக்டர் பட்டறை வேலை அல்ல.

இப்போது சிலிண்டர். கடையில் கிடைக்கும் 47 லிட்டர் தொழிற்சாலை சிலிண்டரில் 150 பார் அழுத்தத்தில், நம் வெயிலில், அரை கிலோ ஹைட்ரஜன்தான் இருக்கும். இரும்பின் எடை 50 கிலோவுக்கு மேல். அந்த அரை கிலோவின் ஆற்றல் 1.7 லிட்டர் டீசலுக்குச் சமம். மேலே மாற்றிய இன்ஜின் அதில் ஒரு மணி நாற்பது நிமிடம் ஓடும். டீசலோடு சேர்த்து இரட்டை எரிபொருளில் ஓட்டினால் ஆறு மணி நேரம் வரும், ஆனால் மொத்தத்தில் மிச்சமாவது அதே 1.7 லிட்டர் டீசல்தான். சிலிண்டரின் விலையையும் ஏற்றுக்கூலியையும் கேட்டு இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அறுவடை இயந்திரத்துக்கு இதே கணக்கைப் போட்டால் இன்னும் கடுமை. நாளைக்கு 60 லிட்டர் டீசல் எரிக்கும் செயின் வண்டி என்றால் 18 கிலோ ஹைட்ரஜன் வேண்டும்: 36 சிலிண்டர், இரண்டு டன்னுக்குக் குறையாது. ஈரம் காயாத சம்பா வயலில் அந்தப் பாரத்தோடு வண்டி இறங்கினால் புதைந்துவிடும். 350 பார் கார்பன் நார்த் தொட்டி போட்டால் எடை குறையும், ஆனால் 750 லிட்டர் கொள்ளளவுக்கு இடம் வேண்டும். நிரப்ப அதற்கேற்ற அமுக்கி நிலையமும் வேண்டும். பழைய சி.என்.ஜி. சிலிண்டரில் ஹைட்ரஜனை நிரப்பும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

டெல்டாவுக்கு ஹைட்ரஜன் எங்கிருந்து வரும்? மேட்டூரிலும் காரைக்காலிலும் உப்புக் கரைசலைப் பிரித்து காஸ்டிக் சோடா எடுக்கும் தொழில் இருக்கிறது. ஒரு டன் காஸ்டிக் சோடாவுக்கு 25 கிலோ ஹைட்ரஜன் உடன் விளைபொருளாக வருவது வேதியியல் கணக்கு. இயற்கை எரிவாயுவிலிருந்து எடுத்தால் கிலோவுக்கு 9 கிலோவுக்கு மேல் கரியமில வாயு வெளியேறும். டீசலை விட்டு வந்ததன் நோக்கமே கெடும். சூரிய மின்சாரத்தில் தண்ணீரைப் பிரித்தால் கிலோவுக்கு 50 முதல் 55 யூனிட் மின்சாரமும், உப்பு துளியும் இல்லாத 9 லிட்டர் தண்ணீரும் வேண்டும். நாகை, வேதாரண்யம் பக்கத்து உவர்நீரைச் சுத்திகரிக்காமல் விட்டால் குளோரின் கிளம்பி மின்முனைகளை அரித்துவிடும்.

அந்த 55 யூனிட்டை ஹைட்ரஜனாக்கி இன்ஜினில் எரித்தால் பம்பின் தண்டில் 10 யூனிட் கிடைக்கும். நேராக மோட்டாருக்குக் கொடுத்தால் 46 யூனிட். ஆகவே கரண்ட் கம்பம் இருக்கும் இடத்திலும், சோலார் பம்ப் வைக்க முடிந்த இடத்திலும் நீர் இறைக்க ஹைட்ரஜன் இன்ஜின் வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. கம்பி எட்டாத, பேட்டரியால் நாள் முழுக்கத் தாங்க முடியாத கனரக வேலைகளுக்குத்தான் இதன் எதிர்காலம். அந்த நாள் வரும்போது இதைப் பழுதுபார்க்கத் தெரிந்த கைகள் இங்கே இருக்க வேண்டும். அதற்காகத்தான் ஐ.டி.ஐ.களிலும் பாலிடெக்னிக்குகளிலும் ஒரு நிலையான இன்ஜினில் இதைச் செய்து பழக வேண்டும் என்கிறேன்.

நிலையான இன்ஜின் என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஓடும் வண்டியில் எரிபொருளை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவுக்குள் வரும். அனுமதி இல்லாமல் செய்தால் பதிவுச் சான்றும் இன்சூரன்ஸும் கேள்விக்குறியாகும். சிலிண்டர்களோ எரிவாயு சிலிண்டர் விதிகள் 2016-க்குக் கட்டுப்பட்டவை. நிரப்பிய சிலிண்டரை உரிமம் உள்ளவரிடம் வாங்குவது மட்டுமே வழி. நாமே நிரப்புவது குற்றம், உயிராபத்தும்கூட. ஹைட்ரஜன் சிலிண்டரின் வாய் மரை இடப்பக்கமாகத் திரும்புவது. வேறு ரெகுலேட்டரை அடாப்டர் போட்டு மாட்டாதீர்கள்.

முதல் ஓட்டத்துக்குக் கைப்பிடி போட்டுச் சுற்றும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும்.  ஹைட்ரஜனில் பொறி கொஞ்சம் முந்தினாலும் கைப்பிடி எதிர்ப்பக்கம் உதைத்து மணிக்கட்டை முறிக்கும். ஸ்டார்ட்டர் மோட்டார் வைத்து, பொறியை மேல் மையத்துக்குப் பின்தள்ளி, வாயு இல்லாமல் பத்து சுற்று சுற்றவிடுங்கள். பிறகு இக்னிஷன், அதன் பிறகே வாயு. நிறுத்தும்போது வரிசை தலைகீழ்: முதலில் சிலிண்டர் பக்கத்து சோலனாய்டை மூடி, குழாயில் இருக்கும் வாயுவை இன்ஜினே எரித்துத் தீர்த்துத் தானாக நிற்கட்டும், அதற்கப்புறம் இக்னிஷனை அணையுங்கள். இக்னிஷனை முதலில் அணைத்தால் எரியாத வாயு சைலன்சரில் போய் நிற்கும், அடுத்த ஸ்டார்ட்டில் அது வெடிக்கும். நின்ற இன்ஜினில் குழாயில் மிஞ்சியிருக்கும் அழுத்தத்தை எழுதி வைத்துக்கொண்டு அரை மணி கழித்து மறுபடி பாருங்கள். இறங்கியிருந்தால் முதலில் சோப்பு நுரையால் இணைப்புகளைச் சோதியுங்கள். அங்கே கசிவு இல்லையென்றால் இன்ஜெக்டரின் ரப்பர் இருக்கை போய்விட்டது. அதை மாற்றாமல் மறுபடி ஸ்டார்ட் செய்யக் கூடாது.